சொல்ல வந்த சொல்

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு டிபன் கடை இருந்தது. அங்கே மாமி காபி கேட்பதை முதல் தடவை பார்க்கிறவர்கள் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சப்ளையர் வந்து நிற்பார். மாமி நிமிர்ந்து பார்த்து வாயைத் திறப்பார். தொண்டையில் எதுவோ பூட்டிக்கொண்டதுபோல் சத்தம் வராது. கழுத்து நரம்பு புடைக்கும். கண்கள் பாதி மூடும். விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். "டீயா மாமி?" என்பார் சப்ளையர். இல்லை என்று தலையாட்டுவார். "காபியா?" என்று கேட்டாலும் ஆமாம் என்று தலையசைத்துவிட மாட்டார். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டுவார். பக்கத்து மேசைக்கு இரண்டு தோசை போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம்தான் "காபி" என்ற சொல் முழுசாக வெளியே வரும். வந்ததும் சாதாரணமாக மூச்சு விட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்.

டீ என்று சொல்ல அவருக்குச் சிரமமே கிடையாது. திக்கிப் பேசுகிறவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வராத சொல்லை விட்டுவிட்டு, வருகிற சொல்லைப் போட்டுக்கொள்வார்கள். காபி பிடித்தவர் ஆயுசு முழுக்க டீ குடிப்பார். பாலக்கரையில் இறங்க வேண்டியவர், வாயில் வருகிற வேறு ஏதாவது நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மீதி தூரத்தை நடப்பார். மாமி அதை மட்டும் செய்ய மாட்டார். சொல்ல வந்ததைத்தான் சொல்வார். அதை வேறு யாரும் எடுத்துக் கொடுக்கவும் விட மாட்டார்.

நான் அப்போது திருச்சி தில்லை நகரில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். கிளினிக், நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்போம். முதலாளி பாதி நாள் சென்னையில். வருகிறவர்களிடம் பேசுவது, எந்தக் கம்பெனியின் சர்வரில் இடம் எடுத்தால் நல்லது என்று சொல்வது, சைட் படுத்துவிட்டால் திட்டு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு.

மாமி ஒரு மத்தியான வேளையில் படியேறி வந்தார். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில், பழைய நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை அடுக்கிப் பாதுகாக்கும் பிரிவில் அவருக்கு வேலை. கழுத்தில் அந்த ஆஸ்பத்திரி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. "உட்காருங்க மேடம், சொல்லுங்க" என்றேன். அவர் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. மயக்கம் வருகிறதோ என்று பயந்து தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, தனக்காகத் தானே காத்திருப்பதுபோல் இருந்தார்.

"என்னோட ஃபோரத்தைக் காணலை" என்றார் பிறகு.

விஷயம் மெல்ல மெல்லத் தெரிந்தது. திக்கிப் பேசுகிறவர்களுக்காகத் தமிழில் அவர் ஓர் இணைய மன்றம் நடத்திக்கொண்டிருந்தார். தனி ஆளாகத் தொடங்கியது. சில நூறு பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் புனைபெயரில்தான். கிளாஸில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்க முடியாதவர், போன் மணி அடித்தால் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்கிறவர், தன் குழந்தைக்குத் தன்னால் சொல்ல முடிகிற பெயராகத் தேடி வைத்தவர் என்று பல மாதிரி ஆட்கள். வெளியே வாய் திறக்காதவர்கள் அங்கே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு சர்வரில் இடம் கொடுத்திருந்தது ஏதோ ஊரிலிருந்த ஓர் ஆள். பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக இடம் வாங்கிச் சில்லறையாகப் பிரித்து விற்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. அவர்களில் ஒருவர். தொழிலை மூடிவிட்டாரோ, தலைமறைவானாரோ தெரியவில்லை. போன் அணைந்து கிடந்தது. அவரோடு சேர்ந்து மன்றமும் போய்விட்டது.

"உங்ககிட்ட காப்பி ஏதாவது இருக்கா மேடம்? பேக்கப்?"

பொங்கலுக்கு முன்னால் எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு எழுதியது எதுவும் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆடி மாதம்.

"அதை வெச்சு மறுபடி கொண்டு வந்துடலாம். முதல்ல நல்ல கம்பெனியா எடுக்கணும்" என்று சொல்லி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சைட் எத்தனை நேரம் படுக்காமல் ஓடுகிறது, பேக்கப்பை அவர்களே எடுக்கிறார்களா, கூட்டம் அதிகமானால் தாங்குமா என்று ஒவ்வொன்றாக. கூடவே நான்கு கம்பெனிகளைச் சொல்லி, அதில் முதலாவதை எடுக்கச் சொன்னேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அதில்தான் இருந்தார்கள். கவனமாகக் கேட்டார். பிறகு அந்தக் கம்பெனிகளின் போன் நம்பர் வேண்டும் என்றார்.

"போன் எதுக்கு? எல்லாத்துலயும் சாட் இருக்கு. டைப் பண்ணினா போதும், உடனே பதில் வரும். உங்களுக்கும் அதான் சௌகரியம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நான் பேசணும்" என்றார்.

என் மேசையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு, ஒவ்வொரு கம்பெனியாக அழைத்தார். முதல் இடத்தில் ஓர் ஆண் எடுத்தார். இவர் தொடங்கும் முன்பே "ஹலோ, ஹலோ, வாய்ஸ் வரலைங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி போட்டார். மறுபடி அதேதான். நான் சிபாரிசு செய்த கம்பெனி அது. இரண்டாவது இடத்தில் ஒரு பெண். ரொம்ப இனிமையான குரல். "புதுசா இடம் வேணுமா மேடம்? ரினியூவலா? வேற கம்பெனிலேர்ந்து மாத்தணுமா? பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா?" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனார். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவதில் பாட்டு மட்டும் கேட்டது.

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் இருந்த மற்ற இருவரும் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டார்கள்.

நான்காவதில் வயதான ஒரு குரல். "வணக்கம், சொல்லுங்க" என்றது. அவர் தொடங்கினார். பூட்டிக்கொண்டது. ஸ்பீக்கரில் ஒரு மின்விசிறியின் சத்தம் கேட்டது. அந்த மனிதர் ஹலோ என்று சொல்லவில்லை. லைனில் இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, போனை வாங்கி நானே பேசிவிடலாம் என்று இருந்தது. கடைசியில் அவருடைய கேள்வி முழுசாக வெளியே வந்தது.

"பேக்கப் எடுத்து அதே எடத்துல வெப்பேளா, வேற ஊர்ல வெப்பேளா?"

"நல்ல கேள்வி. எனக்குச் சரியாத் தெரியலைம்மா. கேட்டுட்டு நானே கூப்பிடறேன்" என்றது குரல். சாயங்காலத்துக்குள் கூப்பிட்டார். வேறு ஊரில்தான் வைக்கிறார்கள் என்று சொன்னார்.

அந்தக் கம்பெனியைத்தான் எடுத்தார். அதில் வசதி குறைவு, வேகமும் கொஞ்சம் கம்மி என்று நான் மன்றாடிப் பார்த்தேன்.

"ஒரு ஆளு நல்லாப் பேசினார்னு கம்பெனியவே எடுக்கிறதா? அவர் நாளைக்கே வேலைய விட்டுப் போயிடலாம் மாமி."

எப்போது மேடத்தை விட்டு மாமி என்று கூப்பிடத் தொடங்கினேன் என்று நினைவில்லை.

"போகட்டும்" என்றார். "அவரை மாதிரி ஒருத்தரை வேலைக்கு வெச்சிருக்காளே. அது போதும்."

மன்றத்தை மீண்டும் கொண்டுவரும் வேலைக்காகத் தினமும் ஆஸ்பத்திரி முடிந்து வருவார். பொங்கல் வரைக்குமான பதிவுகள் வந்துவிட்டன. பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, வீடு திரும்பியதுபோல் எழுதினார்கள். ஆனால் அவர் முகத்தில் நிம்மதி இல்லை. வருகிற பெயர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"யாரைத் தேடறீங்க?"

"துறையூரான்."

அது ஒரு புனைபெயர். அவன் பொங்கலுக்குப் பிறகு சேர்ந்தவன். அதனால் பேக்கப்பில் அவனுடைய எழுத்தும் இல்லை, மின்னஞ்சல் முகவரியும் இல்லை. துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமம், வளைகுடாவில் எலெக்ட்ரீசியன் என்பதுதான் அவருக்குத் தெரியும். தினமும் எழுதுவானாம். மன்றம் காணாமல் போன அன்று காலையில் ஒன்று எழுதியிருந்தான். லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறார்கள். அங்கே வாயைத் திறக்காதே, நானே பேசிக்கொள்கிறேன் என்று அம்மா சொல்கிறார். பேசாமல் இருந்துவிடலாமா, அல்லது சொல்லிவிடுவதா என்று கேட்டிருந்தான். அவர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பதில் தட்டச்சு செய்து அனுப்பினார். அனுப்பிய பக்கம் திறக்கவில்லை. மறுபடி மறுபடி தட்டினார். மன்றமே இல்லை.

"அந்த ஞாயித்துக்கெழம போயாச்சு" என்றார்.

அவன் பொருட்டு எதற்கு இவ்வளவு கவலை என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஸ்ரீரங்கத்துக்குப் போன அன்றுதான் புரிந்தது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ எடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் போனேன். சித்திரை வீதியில் ஒரு மாடிக் கூடத்தில் பெண்கள் பாசுரம் சேவிக்கிறார்கள், அங்கே வா, முடிந்ததும் சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருந்தார். நான் மேலப்புதூர் சர்ச்சில் பாட்டு பாடி வளர்ந்தவள். உள்ளே போகலாமா என்று தெரியாமல் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

இருபது பெண்கள் இருக்கும். நடுவில் அவர். எல்லாரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. கனமான, சுத்தமான குரல். ஒரு இடத்தில்கூடத் தடை இல்லை. க, ப, ம எல்லாம் தண்ணீர்போல் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சேவித்து முடிந்ததும் பிரசாதம் கொடுத்தார்கள். உடனே பேச்சு தொடங்கியது. யார் பெண்ணுக்கு வரன், யார் ஆத்தில் போர்வெல் போடுகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் பேச, அவர் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் படியிறங்கி வந்துவிட்டார்.

"மாமி, அங்க எப்படி இவ்வளவு நல்லா வருது?"

தெருவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு பதில் வந்தது. "எல்லாரும் சேர்ந்து சொன்னா வரும். தனியா வராது."

அவருடையது ஒரு அறை, சமையலறை உள்ள சின்ன ஃபிளாட். அப்பா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து முடித்ததும் உப்புமா கொடுத்தார். நான் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். அதை அவர் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நான் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

அவருக்கும் பெண் பார்க்க வந்திருந்தார்கள். "சாது. அதிர்ந்து பேச மாட்டா" என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது பிடித்துப்போயிற்று. கல்யாணமும் நடந்தது. புருஷன் கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்த பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். இவர் வாயைத் திறந்தால் மீதியை அவர் சொல்லிவிடுவார். உப்பு வேண்டும் என்று தொடங்கினால் ஊறுகாயை எடுத்து வைப்பார். தலைவலி என்று சொல்ல வந்தால், அம்மா வீட்டு ஞாபகமா என்பார். யாராவது ஏதாவது கேட்டால் இவர் சார்பில் அவரே பதில் சொல்வார்.

"அந்த ஆத்துல நான் ஒரு வாக்கியம் முழுசாச் சொன்னதில்லை" என்றார்.

மாமியார்தான் கடைசியில் உட்கார்த்தி வைத்துக் கேட்டார். ஏன் முன்னாடியே சொல்லலை என்று.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்றதுக்குள்ள பெட்டியைக் கட்டியாச்சு."

சிரிப்பதுபோல்தான் சொன்னார். நான் தட்டைக் கழுவப் போனேன். அவர் விடவில்லை.

அடுத்த வாரம் மன்றத்தின் முதல் பக்கத்தில், எல்லாருக்கும் கண்ணில் படும்படி, ஒரு அறிவிப்பு போடச் சொன்னார். துறையூரானுக்கு என்று தலைப்பு. கீழே அன்றைக்கு அவர் அனுப்பிப் போகாமல் போன பதில். பெண் பார்க்கும் அன்று நீங்களே பேசுங்கள், அம்மாவைப் பேச விடாதீர்கள், நேரமானாலும் பரவாயில்லை, கேட்க முடியாதவர்கள் அன்றைக்கே எழுந்து போய்விடட்டும், பிறகு போவதைவிட அது நல்லது என்று எழுதியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்போதோ கடந்துபோயிருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் போடச் சொன்னார்.

அவர் தேர்ந்தெடுத்த கம்பெனியைப் பற்றி நான் நினைத்தது தப்பு. அந்த சர்வர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. நான் சிபாரிசு செய்த கம்பெனி நடுவில் இரண்டு நாள் மொத்தமாகப் படுத்து, நகைக்கடைக்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள். அவருடைய மன்றம் எப்போது திறந்தாலும் திறந்தது. ஆட்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள்.

வாட்ஸப் குழு ஒன்று தொடங்கினார்கள். அதில் பாதிப் பேர் போனார்கள். முகநூலில் மீதிப் பேர். "இன்னும் யாரு மாமி ஃபோரம் எல்லாம் பார்க்கறாங்க, நீங்களும் அங்க போயிடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே எழுதியது மறுநாள் எங்கோ மேலே போய்விடுகிறது, புதிதாகத் தேடி வருகிறவனுக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் ஆட்கள் போனதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அவருடைய கண்டிப்பும் ஒரு காரணம். கல்லூரி மாணவன் ஒருவன், இன்டர்வியூவில் தன் ஊர்ப் பெயர் வரவில்லை, அதனால் மருங்காபுரிக்குப் பதிலாகத் திருச்சி என்று சொல்லித் தப்பித்தேன் என்று சந்தோஷமாக எழுதினான். மற்றவர்கள் பாராட்டினார்கள். அவர் மட்டும், உன் ஊர் மருங்காபுரி, அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினார். "உங்களுக்கு என்ன, ஃபைல் அடுக்கற வேலை. எனக்கு வேலை கிடைக்கணும்" என்று பதில் போட்டுவிட்டு அவன் போய்விட்டான். அவனோடு இன்னும் சிலரும் போனார்கள். "கொஞ்சம் விட்டுக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் எழுந்துவிட்டார். அன்றைக்குக் காபி குடிக்காமலே பஸ் ஏறப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் போயிருக்கும். மன்றத்தில் வாரத்துக்கு ஒரு பதிவு வந்தால் அதிகம். ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி அட்டையோடு வேகவேகமாகப் படியேறி வந்தார். என் கம்ப்யூட்டரில் மன்றத்தைத் திறந்து காட்டினார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"என் வீட்டுக்காரருக்குப் பேச்சு திக்கும். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இப்பதான் ஒண்ணரை வருஷம் ஆகுது. என்ன செய்யணும்னு நெட்ல தேடினப்ப இது வந்துச்சு. முதல் பக்கத்துல இருக்கறதைப் படிச்சேன். என்னைப் பார்க்க வந்தப்ப அவங்க அம்மாதான் எல்லாம் பேசினாங்க. அவர் குனிஞ்சுட்டே இருந்தார். ஊரும் துறையூர்தான். வெளிநாட்டுல எலெக்ட்ரீசியனா இருந்துட்டு இப்ப இங்கயே வேலை பார்க்கறார். முன்னாடி ஒரு எடத்துல எழுதிட்டு இருந்தேன், அதை மூடிட்டாங்கன்னு ஒரு தடவை சொன்னார். இது அவர்தான்னு நினைக்கிறேன். எனக்கு ஒரே சந்தேகம். அவர் பேசறப்ப நின்னு போச்சுன்னா நான் அந்த வார்த்தைய எடுத்துக் கொடுக்கலாமா, சும்மா இருக்கணுமா? சும்மா இருந்தா எங்க பார்க்கறதுன்னு தெரியல. அவருக்கும் சங்கடமா இருக்கு."

"அவர்தான் மாமி. கண்டுபிடிச்சாச்சு. பதில் போடுங்க."

அவர் பதில் போடவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. யார் எது கேட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் எழுதிவிடுகிறவர் அவர். மூன்றாவது நாள் கீழே டிபன் கடைக்குக் கூப்பிட்டார். காபி வந்தது. அவர் குடிக்கவில்லை.

"நான் நிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"எப்ப மாமி?"

"வார்த்தை வராம நிக்கும்போது. நீ என் எதிர்ல உக்காந்துண்டிருப்பே இல்லையா. உனக்கு எப்படி இருக்கும்?"

நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு கேக்கறது எனக்குத் தெரியாத விஷயம். எனக்காக ஆத்துல யாரும் காத்துண்டு நின்னதில்லை. நின்னா எப்படி இருக்கும்னு நான் எப்படி எழுதுவேன்? நீ சொல்லு."

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். "முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு மாமி. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குள்ள பத்து வார்த்தை ஓடும். சொல்லிடலாம் சொல்லிடலாம்னு இருக்கும். எங்க பார்க்கறதுன்னு தெரியாம கீபோர்டைப் பார்ப்பேன். இப்ப அப்படி இல்ல."

"இப்ப எப்படி?"

"இப்ப எனக்குள்ள ஒண்ணும் ஓடறதில்ல. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியறதில்ல. நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது. அவ்வளவுதான்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் யாரோடோ இடம் விடச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இதையே எழுதிடு" என்றார். "நான் எழுத வேண்டாம். நீ எழுது."

அன்றைக்குத்தான் அந்த மன்றத்தில் நான் சேர்ந்தேன். திக்காதவர்களில் அங்கே எழுதியது அந்தப் பெண்ணுக்கு அடுத்து நான்தான் என்று நினைக்கிறேன். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள், கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று எழுதினேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள். ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினாள். பரவாயில்லை, பழகுகிறது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரொம்ப நேரம் பேசுகிறார், வேலை செய்கிற இடத்தில் நடந்ததையெல்லாம் சொல்கிறார் என்று. கடைசியில் ஒரு கேள்வி. இந்த ஃபோரம் இன்னும் இருக்கு, உங்களுக்காக இத்தனை நாள் முதல் பக்கத்தில் எழுதி வெச்சிருக்காங்கன்னு அவர்கிட்ட சொல்லட்டுமா?

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவன் வருவான், தினமும் எழுதுவான், மன்றத்துக்கு உயிர் வரும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"வேண்டாம்னு எழுது" என்றார்.

"ஏன் மாமி? எவ்வளவு நாளாத் தேடினீங்க."

அவர் பதில் சொல்ல நேரமானது. வழக்கமான தடையா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசறதுக்கு ஆத்துலயே ஆள் இருக்கு. இங்க எதுக்கு?"

பிறகு முதல் பக்கத்திலிருந்த அறிவிப்பை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். அந்த இடத்தில் போட வேறு எதுவும் இல்லை. அவரைச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட ஸ்கூட்டரை எடுத்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் அவர் பக்கத்தில் வந்து நிற்பதையும் அவர் நிமிர்ந்து பார்ப்பதையும் கீழே நின்று பார்த்தேன். டிக்கெட் வாங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

சில வருஷம் கழித்து, ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றதும் செகந்திராபாத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். போகாமல் இருக்கலாமே என்று சொன்னேன். முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை, பாசுரம் சேவிக்கும் கூடமும் மாடியில் என்றார். மன்றத்தை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். இப்போதும் அது இருக்கிறது. அதே கம்பெனியில்தான்.

அங்கே போன பிறகு போன் செய்வார். எழுத மாட்டார், பேசத்தான் செய்வார். எடுத்தால் மறுமுனையில் குரல் கேட்காது. எண்ணைப் பார்க்காமல் எடுத்தாலும், குரல் கேட்காததை வைத்தே அவர்தான் என்று தெரிந்துகொள்வேன். நானும் பேச மாட்டேன். அந்த வீட்டுச் சத்தங்கள் கேட்கும். குக்கர் விசில், தெலுங்கு சீரியல், தம்பி பேரன் அழுவது. அந்தச் சத்தங்களுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வரும் வரைக்கும் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பேன். திருச்சியில் மழையா என்று கேட்பார். அங்கே எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள் என்பார். எல்லாருக்கும் அவசரம், நான் தொடங்கினால் அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள், குழந்தைகள் பாவம் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னார். இப்போதெல்லாம் அங்கே அதிகம் பேசுவதில்லை என்றார்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் காத்திருக்கத் தயாரானேன். காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்த கணத்திலேயே ஒரு பெண் குரல் பேசத் தொடங்கியது. தங்குதடையில்லாமல், ஒரே மூச்சில். ஹலோ என்ற முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பியின் மகள். "அத்தை நேத்தி சாயங்காலம் தவறிட்டா. ரொம்பக் கஷ்டப்படலை. போன்ல கடைசியாப் பேசின நம்பருக்கெல்லாம் சொல்லிண்டிருக்கேன். அதுல உங்க நம்பர்தான் நிறைய இருக்கு" என்றார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க அத்தைக்கு என்ன வேணும்?"

சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். சரியான ஒரு சொல் எங்கோ பக்கத்தில் இருந்தது, எனக்குத் தெரிந்த சொல்தான், அது வருவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அணைக்கவும் கை போகவில்லை.

"ஃப்ரெண்டா?" என்று எடுத்துக் கொடுத்தார் அந்தப் பெண். அவருக்கு இன்னும் பல பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஆமா" என்றேன்.

நான் சொல்ல வந்தது அது இல்லை.